தாளில் இல்லாத பதில்

நகருக்கு வெளியே இருக்கும் மருத்துவக் கல்லூரி ஒன்று, இடம் போதாமல் நந்தனத்தில் கிளை வளாகம் திறந்தது. முதல் ஆண்டுப் பிள்ளைகள் பேசிப் பழக, நோயாளியாக நடிக்க ஆட்கள் வேண்டும் என்று எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அதையும்தான் பார்ப்போமே என்று பெயர் கொடுத்தேன்.

ஒரு தாள் தந்தார்கள். வயது ஐம்பத்தெட்டு. மீன் விற்பவர். தோளில் வலி. சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். கேட்டால் மட்டும் சொல்லவும்.

மீன் விற்கும் பெண் தன் வலியை எப்படிச் சொல்வாள்? மந்தைவெளியில் நான் வழக்கமாக வாங்கும் மீன்காரம்மாவிடமே கேட்டேன்.

"தோளு வலிக்குதுன்னு எவ டாக்டராண்ட போவா?" என்றாள், சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டே. "கூடைய தூக்க முடியலன்னாதான் போவேன். இன்னா டீச்சர், உனக்கு ஒடம்பு சரியில்லியா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "என்னிய மாரி நடிக்கப் போறியா? அப்போ நாற்காலி நுனில குந்து. துணில மீன் வாடை கீது, நாங்க சாஞ்சி குந்த மாட்டோம்."

புது வளாகத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அறைகளுக்கு எண்கூட ஒட்டியிருக்கவில்லை. ஒரு மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக ஆறு பேர் வந்தார்கள். எல்லோரிடமும், "கூடைய தூக்க முடியல டாக்டர்" என்றேன். ஐந்து பேர் எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆறாவதாக வந்த பெண் பேனாவை மூடி வைத்தாள்.

"எவ்வளவு தூரம்மா தூக்கிட்டுப் போவீங்க?"

தாளில் அது இல்லை. "பட்டினப்பாக்கத்துலேர்ந்து மந்தைவெளி வரைக்கும்" என்று தோன்றியதைச் சொன்னேன்.

"காலைல சாப்பிட்டுட்டுக் கிளம்புவீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப மாத்திரை ஏதாவது இருந்தா எப்ப போடுவீங்க?"

தாளில் இருந்தவள் ஏன் மாத்திரையை நிறுத்தினாள் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. "வெறும் வயித்துல போட்டா தலை சுத்துது. அதான் உட்டுட்டேன்" என்றேன்.

மூலையில் இருந்த பேராசிரியை நோட்டில் ஏதோ எழுதினார். முடிந்ததும், "அந்தப் பொண்ணைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது டீச்சர். அடுத்த மாசம் வயித்து வலிக்கு ஒருத்தர் வேணும். வரீங்களா?"

"வரேன். அந்த வயித்து வலிக்காரங்க என்ன வேலை செய்யறாங்க?"

"தையல் வேலை" என்றார்.