ட்வீட்டருக்கு ஒரு சுவிட்ச்

என் கணவர் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராக்களில், மடியில் கிடத்தி வாசிக்கிற ஹவாயன் கிட்டார் வாசித்தவர். பிழைப்புக்கு ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விவேக் நகரில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். நானும் அந்தக் குழுவில்தான் பாடுகிறேன். அவர் ஓய்வு பெற்ற வருடம், கனடாவிலிருந்து ஊர் திரும்பிய அவருடைய அண்ணன், வீட்டுச் சாமான்களோடு ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரையும் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

பார்த்தால் அது கிட்டார் என்றே தெரியாது. நான்கு கால் வைத்த குறுகலான மேசை. மேலே பத்துக் கம்பிகள், கீழே மிதிகள், முழங்காலால் தள்ளுவதற்குச் சில கம்பிக் கைகள். இடது கையால் ஓர் எஃகு உருளையைக் கம்பிகள் மேல் நகர்த்த வேண்டும். வலது காலால் தனியாக ஒரு மிதியை மெல்ல அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் ஒரு சுரம் அறுபடாமல் நீளும்.

என் கணவரின் பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டிய முதல் நாளே, மிதியைப் பாதி அழுத்துவதற்குள் சத்தம் கரகரவென்று உடைந்தது. வேறு ஒன்று தேடிக் கடைகடையாக ஏறினோம். எல்லாக் கடையிலும், சத்தத்தை வேண்டுமென்றே உடைக்கிற பெட்டிகளைத்தான் பெருமையாகக் காட்டினார்கள்.

“சார், இதுல எஃபெக்ட்ஸ் நெறைய இருக்கு” என்றார் ஒரு விற்பனையாளர்.

“எனக்கு எதுவுமே வேணாம்ப்பா. உள்ள போறது அப்படியே வெளிய வந்தா போதும்” என்றார் இவர்.

கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா நண்பர் ஒருவர் வைத்திருந்த பழைய கீபோர்டு ஆம்ப்ளிஃபையர் கிடைத்தது. எவ்வளவு கூட்டினாலும் உடையவில்லை. ஆனால் மேல் சுரங்கள் காதில் குத்தின. அதைச் சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணிக்கடை மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனோம். அவர் உள்ளே இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பெரிய பதினைந்து இன்ச் ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தினார். மேல் சுரங்களுக்கென்று தனியாக இருந்த சின்ன ஸ்பீக்கரின், அதாவது ட்வீட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மூக்கால் பேசுவதுபோல் ஒரு ஒலி இருந்தது. அதை எடுக்க ஒரு கெப்பாசிட்டரையும் மாற்றினார்.

அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீடு நன்றாக இருந்தது. அவர் வாசிக்கத் தொடங்கினால் நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசற்படியில் வந்து நிற்பேன். ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. திவ்விய நற்கருணை நேரத்தில் அவர் தனியாக வாசித்தால் கோவிலில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

மழைக்காலத்தில் அவர் குறை சொல்ல ஆரம்பித்தார்.

“சவுண்டு மேல போர்வை போத்தின மாதிரி இருக்கு. உனக்கு அப்படித் தோணல?”

“இல்லீங்க. நல்லாத்தான் இருக்கு.”

“நீ சும்மா சொல்ற.”

பாயிடம் போய் ட்வீட்டர் ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாள் திருப்தியாக இருந்தார். பிறகு மறுபடி போர்வை. மேல் ஒலியைத் தூக்கிவிட இன்னொரு கெப்பாசிட்டர். அதற்கும் பிறகு வேறு ட்வீட்டர். ஒவ்வொரு முறையும் அந்தக் கனத்த பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, துணிக்கடைப் படிகளில் நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒலி இன்னும் கொஞ்சம் கூர்மையாகியிருந்தது. எஃகு உருளை கம்பியில் உரசுவது, பல் கூச வைக்கிற மாதிரி கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாசித்துக்கொண்டிருப்பார்.

கோவிலில், அவருடைய ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்காரும் பெண்கள் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். குழுவை நடத்துகிற பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். “அக்கா, நீங்களே சொல்லிடுங்க. நாங்க சொன்னா நல்லா இருக்காது.”

அன்று சாப்பிடும்போது சொன்னேன். “கொஞ்சம் கூர்மையா இருக்காம். ட்ரெபிளைக் குறைச்சுக்கச் சொல்றாங்க.”

“யாரு, அந்தப் பொண்ணா? மைக் எங்க வைக்கணும்னே அதுக்குத் தெரியாது.” தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் ரசம் ஊற்றினேன். அவர் வாழ்நாள் முழுவதும் காதை நம்பி வாசித்தவர். நான் அவர் வாசிப்பதைக் கேட்டுப் பாடியவள்.

பிறகு ஒருநாள் மதியம், ட்வீட்டர் வேலையே செய்யவில்லை என்று மறுபடி சிவாஜிநகருக்குப் போனோம். பாய் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

“ஒர்க் ஆகுதே அண்ணே.”

“ஒர்க் ஆகல பாய். எனக்குத் தெரியாதா?”

பாய் அலமாரியிலிருந்து ஒரு சிறிய கருவியை எடுத்து ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். விசில் மாதிரி ஒரே ஒலி வந்தது. “இத மேல ஏத்திட்டே போறேன். எங்க கட் ஆகுதுன்னு பாக்கலாம்” என்று குமிழைத் திருகினார். விசில் மெல்ல மெல்ல உயர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே பஸ்களின் இரைச்சல். அதையும் மீறி அது கேட்டது.

“அவ்வளவுதான், நின்னுடுச்சு. பாத்தீங்களா?” என்றார் என் கணவர்.

நிற்கவில்லை. என் காதில் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். அவர் குமிழைப் பின்னால் திருகினார்.

“இப்ப வந்துடுச்சு” என்றார் இவர்.

பாய் மறுபடி ஏற்றினார். “போச்சு.” அப்படிச் சொல்லிவிட்டு இவர் என் பக்கம் திரும்பினார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“உனக்குக் கேக்குதா?”

தலையசைத்தேன்.

“பாய், உங்களுக்கு?”

பாய் கருவியை அணைத்தார். “டீ சொல்றேன் அண்ணே, உக்காருங்க” என்றார்.

டீ வந்தது. இவர் குடிக்கவில்லை. பெட்டியை நாங்களே மூடி எடுத்துக்கொண்டு வந்தோம். ஆட்டோவில் நான் அவர் கைமேல் கை வைத்தேன். எடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

காது பரிசோதித்த பெண், மேல் ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, திரும்ப வராது என்றார். பேச்சு கேட்பதற்குக் காதில் கருவி மாட்டலாம். மாட்டினோம். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் அது கத்தும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று மாலை ஆசையாகக் கிட்டார் முன்னால் உட்கார்ந்தார். ஒரு சுரத்தை நீட்டினார். உடனே நிறுத்தினார். மறுபடி நீட்டினார்.

“நடுங்குது. யாரோ உள்ள இருந்து ஆட்டற மாதிரி.”

திரும்பப் போய்க் கேட்டோம். சில சமயம் அந்தக் கருவியே விசிலடிக்கும். அதை அடக்க அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது, நீளமாக ஒரே ஒலி வந்தால் அதையும் தன் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பாட்டுக்கென்று தனியாக மாற்றியும் கொடுத்தார். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. “இவர் வாசிக்கறதே நீளமாத்தான் மேடம்” என்றேன். அவர் கணினித் திரையையே பார்த்தபடி, “ட்ரை பண்ணிட்டே இருக்கலாம்” என்றார்.

கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் இப்போது வாசிக்கிறார். பாயிடம் கடைசியாக ஒரு வேலை சொன்னார். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச். கீழே தள்ளினால் ட்வீட்டரும், மேல் ஒலிக்காகச் சேர்த்த கெப்பாசிட்டரும் நின்றுவிடும்; அது மற்றவர்களுக்கு. மேலே தள்ளினால் அவருக்கு. கோவிலில் கீழே தள்ளிவிட்டு வாசிக்கிறார். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நாற்காலிகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அவருக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல் கேட்கிறதாம். சுரம் முடியும்போது என் முகத்தைப் பார்க்கிறார். நான் என்ன முகம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சில மாலைகளில் பையை எடுத்துக்கொண்டு, “காய் வாங்கிட்டு வர்றேன், நேரமாகும்” என்று கிளம்புவேன். அவர் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பிப்பார். நான் படி இறங்கி முடிப்பதற்குள் மேலே தொடங்கிவிடும். சாத்திய ஜன்னல் வழியாகவும் அது தெருவில் குத்தும்.

போன வாரம், கீழ் வீட்டுப் பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் காதைத் தோளால் தேய்த்துக்கொண்டாள்.

“அங்கிள் முன்ன எல்லாம் எவ்வளவு நல்லா வாசிப்பாரு” என்றாள். “அந்த மெஷின்ல ஏதோ ரிப்பேர் போலருக்கே ஆன்ட்டி. காட்டலையா?”

“காட்டினோம்மா” என்றேன். வாங்குவதற்குக் காய் எதுவும் இல்லை, காலையிலேயே வாங்கியிருந்தேன். கோவில் பக்கமாக நடந்தேன்.