வரிசையில் இருந்த மஞ்சள் சட்டி

ஓகஸ்ட் விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எனக்கும் விடுமுறைதான். நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் பூட்டினால் வானும் பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிடும். மனைவிக்கு அது மறுவளம். அவள் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில்தான் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அந்த நாட்களில் படுக்கை விரிப்புகளுக்கும் துவாய்களுக்கும் நடுவில் அவளுக்கு மூச்சுவிட நேரம் இராது. அதனால் போன ஓகஸ்டில் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது நான்தான்.

மூத்தவள் மகள். நாலு வயது முடிந்து நேசரிக்குப் போகிறவள். இளையவன் இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். நான் நாற்பது தாண்டிக் கல்யாணம் செய்தவன். தலையில் கறுப்பு மயிரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளைகளோடு கடைக்குப் போனால், "பேரப்பிள்ளையளோ?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் கதைக்கக் கூச்சப்படுகிறவன். இல்லை என்று திருத்தினால் மேலும் நாலு கேள்வி வரும் என்று, சிரித்துவிட்டுச் சாமானோடு வந்துவிடுவேன்.

அந்த விடுமுறையில் எங்கள் வீட்டின் பெரிய பிரச்சினை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சட்டி. மகனை ஒழுங்காக மலங்கழிக்கப் பழக்குவதற்கென்று மனைவி வாங்கி வந்தது. முன்னால் ஒரு வாத்துத் தலையும் பின்னால் ஒரு கைபிடியும் இருக்கும். வீட்டில் அதற்குக் கக்காச் சட்டி என்று பெயர். மகன் அதைத் தொப்பியாகப் போடுவான், அதற்குள் விளையாட்டுக் காரை வைத்துத் தள்ளிக்கொண்டு போவான், எல்லாம் செய்வான். அதில் இருக்க மட்டும் மாட்டான். தூக்கி இருத்தினால் முதுகை வளைத்துக்கொண்டு கத்துவான். எழுப்பிவிட்டால் சிரித்துக்கொண்டே கதிரைக்குப் பின்னால் போய், காற்சட்டையிலேயே காரியத்தை முடிப்பான்.

"எங்க போனாலும் சட்டியைக் கொண்டு போங்கோ. அவருக்கு எப்ப மனம் வருமெண்டு சொல்லேலாது" என்றாள் மனைவி. அப்படியே அது வானின் பின் இருக்கையில் எங்களோடு ஊர் சுற்றியது. ஒருநாளும் பாவிக்காமல், புதிதாகவே இருந்தது.

காலையில் மனைவியை ஹோட்டலில் இறக்கிவிட நாங்கள் நாலு பேரும் வானில் போவோம். வெயில் ஏறினால் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். அது தரைப்பக்கமிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல வருகிற காற்று. அதற்குப் பிறகு கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான். ஆகவே பிள்ளைகளை அதற்கு முன் கொஞ்ச நேரம் கடற்கரையில் விளையாட விடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் போகும்போதே மனைவி மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் திரியாயில் பிறந்து வளர்ந்தவள், கரையில் நின்று இழுக்கிற கரைவலை தெரிந்தவள். நான் பட்டினத்துக்காரன்.

"வலை இழுக்கேக்க ஆரும் போய்க் கயிறு பிடிக்கலாம். பிடிச்சவைக்குக் கறிக்கு மீன் குடுப்பினம்."

"எனக்கும் தருவினமோ?"

"பிடிச்சாத் தருவினம்."

அவ்வளவுதான். மகள் அந்தக் காலை முழுக்கக் கடற்கரையில் வலைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றாள். தண்ணீருக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று, கயிற்றின் வால் பக்கத்தில், இழுத்த கயிற்றைச் சுருட்டி வைக்கிறவருக்கு அருகில் அவளை விட்டேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஒரு கையால் பிடித்தேன். வலை கரைக்கு வந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி நெருக்கினார்கள். மீனைக் கேட்க வேண்டுமே என்று நினைத்தபோதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது? "வாங்கோ மகள், வெயில் ஏறுது" என்று அவளைக் கூட்டிக்கொண்டு வானுக்கு வந்துவிட்டேன்.

உப்புவெளி தாண்டும்வரை அவள் அழுதாள். "நான் இழுத்தனான்தானே? ஏன் எனக்குத் தரேல்லை?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அக்கா அழுகிறாள் என்று மகனும் சேர்ந்து அழுதான்.

பின்னேரம் மனைவி வானில் ஏறியதும் முறைப்பாடு போனது. அவள் என்னைப் பார்த்தாள்.

"சட்டி வைச்சனீங்களோ?"

"என்ன சட்டி?"

அவள் தலையில் கை வைத்தாள். கயிறு பிடிக்க வருகிறவர்கள் கொண்டுவருகிற பாத்திரத்தைக் கரையில் வரிசையாக வைப்பார்களாம். வலை வந்ததும் சம்மாட்டியார், அதாவது வலைக்குச் சொந்தக்காரர், வரிசைவழியே நடந்து ஒவ்வொரு பாத்திரத்திலும் மீன் போட்டுக்கொண்டு போவாராம். பாத்திரம் வைக்காதவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். படம் எடுக்கிறதுக்காகக் கயிறு பிடிக்கிற வெள்ளைக்காரர்களைப் போல.

"ஆரிட்டையும் வாய் திறந்து கேக்கவே தேவையில்லை. உங்களுக்கெண்டே வைச்ச வழக்கம். அதையும் கோட்டை விட்டிட்டீங்கள்" என்று மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் சட்டி வைப்பன்" என்றாள்.

அடுத்த நாள் காலை வழக்கமான அமளி. மகனுக்கு ஒரு செருப்பைக் காணவில்லை, மகளுக்குப் பாண் வேண்டாம், மனைவிக்கு நேரம் போகிறது. கடற்கரையில் வானை நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. குசினியில் எடுத்து வைத்த அலுமினியச் சட்டி குசினியிலேயே இருந்தது.

"மகள், அப்பா சட்டியை மறந்திட்டன்" என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வானுக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு பின் இருக்கைக்கு ஏறினாள்.

"மகள், அது வேண்டாம்."

"இது தம்பி இருக்காத சட்டிதானே. சும்மாதானே கிடக்கு."

நான் மகனையும் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள், அவள் மஞ்சள் சட்டியைக் கைபிடியில் பிடித்து ஆட்டிக்கொண்டு மணலில் ஓடிவிட்டாள். கரையில் கூடைகள், வாளிகள், கரிபிடித்த சட்டிகள் வரிசையாக இருந்தன. கடைசி வாளிக்குப் பக்கத்தில் வாத்துத் தலை கடலைப் பார்க்கும்படி அதை வைத்தாள். பிறகு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

கயிற்றில் நின்ற பெண்கள் கண்டுவிட்டார்கள். அவர்களில் கட்டையான ஒரு அக்கா, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தவர், மகளைக் கேட்டார்.

"பிள்ளை, உது ஆற்ற சட்டி?"

"தம்பீன்ர."

"அதில தம்பி என்ன செய்யிறவர்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. அதுதான் பிரச்சினை."

கயிறு ஒரு கணம் தொய்ந்துபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். என் காது சுட்டது. அந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "உங்கட பேத்தி நல்ல கதைகாரி" என்றார். நான் வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கினேன்.

"இது என்ர அப்பா!" என்றாள் மகள், கயிற்றை விடாமல்.

அன்று வலை நேரம் எடுத்தது. எதிலோ சிக்கிவிட்டது என்று ஒருவர் நீந்திப் போனார். வெயில் ஏறியது. முதுகுப் பக்கம் கச்சான் மெதுவாகத் தொடங்கியது. வெள்ளைக்காரர் இரண்டு பேர் வந்து பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மகளின் முகம் சிவந்து, உள்ளங்கை கயிற்றில் உரசிச் சிவந்து கிடந்தது. "கொஞ்சம் இருப்பமோ?" என்று கேட்டேன். "விட்டாத் தராயினம்" என்றாள். வலையின் மிதப்புகள் கிட்ட வந்தன. மீன் அடைபடுகிற மடி இனி வந்துவிடும் என்று எல்லோரும் சத்தம் போட்டு இழுக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து மகன் என் காலைப் பிடித்து இழுத்தான். குனிந்து பார்த்தேன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"கக்கா" என்றான்.

அவன் அதை முன்கூட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எத்தனையோ நாள் நாங்கள் காத்திருந்த சொல். வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடினேன். மஞ்சள் சட்டியை எடுத்துக்கொண்டு, கரையில் ஏற்றியிருந்த தோணியின் மறைவுக்குப் போய் அவனை அதில் இருத்தினேன். முதுகை வளைக்கவில்லை. கத்தவில்லை. வாத்துத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதனைப்போல இருந்தான். இருந்து, முடித்து, எழும்பித் திரும்பிச் சட்டிக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துத் தானே கைதட்டினான். நானும் தட்டினேன்.

தட்டிக்கொண்டே தோணிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மகள் கயிற்றில்தான் நின்றாள். ஆனால் முகம் வரிசையின் பக்கம் திரும்பியிருந்தது. கடைசி வாளிக்குப் பக்கத்தில் வெறும் மணல். அவளுக்கு வாய் கோணியது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. அழுதுகொண்டே இழுத்தாள்.

அந்தச் சட்டியை இனித் திரும்ப வைக்க ஏலாது. மடி தண்ணீரை விட்டு மணலுக்கு ஏறிவிட்டது. சம்மாட்டியார், நரைத்த மீசையும் தலையில் துவாயுமாக, ஒரு கூடை நிறைய மீனோடு வரிசையின் மறு அந்தத்தில் தொடங்கிவிட்டார். நான் என் சேட்டைக் கழற்றினேன். பத்துப் பேருக்கு முன்னால் மேற்பொத்தானைக்கூடத் திறக்காதவன் நான். சேட்டின் கைகள் இரண்டையும் முடிந்து ஒரு பைபோலச் செய்து, மகனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் அதை வாளிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். கச்சான் அதைத் தூக்கப் பார்த்தது. ஒரு காலால் மிதித்துக்கொண்டு நின்றேன்.

சம்மாட்டியார் வந்து நின்றார். சேட்டைப் பார்த்தார். பெனியனோடு நின்ற என்னைப் பார்த்தார். காற்சட்டை இல்லாமல் என் கக்கத்தில் தொங்கிய மகனைப் பார்த்தார்.

"இதென்ன, ஆற்ற சேட்?"

"அது என்ர மகளின்ர பங்கு! துவக்கத்தில இருந்து கயிறு விடாமல் நிண்டவ! அங்க நிக்கிறா, அவ என்ர மகள்!"

கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வானுக்குள் அடிபடும்போதுகூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

"ஆர் இப்ப இல்லையெண்டது?" என்றார் சம்மாட்டியார் ஆறுதலாக. "எனக்குக் காது நல்லாக் கேக்கும். பிள்ளையைக் கூப்பிடுங்கோ, தன்ர கையால வாங்கட்டும்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் இரண்டு கையாலும் அள்ளிச் சேட்டில் போட்டார். சூடையும் காரலும். பிறகு கூடைக்குள் தேடி, ஒரு சின்னப் பாரையையும் எடுத்து மேலே வைத்தார். "இது அழுதுகொண்டு இழுத்ததுக்கு" என்றார். அந்தக் கட்டையான அக்கா, "அப்ப மஞ்சள் சட்டி எங்க?" என்று கேட்க, மகள் தோணிப் பக்கம் கையைக் காட்டி, "அதுக்கு வேற வேலை வந்திட்டுது" என்றாள். மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். பின்னேரம் ஹோட்டல் வாசலில் மனைவி வந்ததும், நான் இருந்த சந்தோஷத்தில், "தம்பி சட்டியில இருந்தவர்!" என்று சொல்லிவிட்டேன். அவள் வாசலிலேயே மகனைத் தூக்கிக் கொஞ்சத் தொடங்கினாள். மகள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

"முதல் என்ர மீனைக் கேளுங்கோ அம்மா!"

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். வலை சிக்கியது, வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது, மீசைக்காரர், பாரை. கடைசியில், "அப்பா பெரிய சத்தம் போட்டவர்" என்றாள். மனைவி நம்பவில்லை. "உங்கட அப்பாவோ? என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். மகள் வானுக்குள் எழும்பி நின்று, என்னைப்போலவே கையை நீட்டி, "அவ என்ர மகள்!" என்று கத்திக் காட்டினாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இரவு மீன் பொரித்தோம். பங்கு போடுவது தன் வேலை என்று மகள் சொல்லிவிட்டாள். தட்டு தட்டாக வைத்துக்கொண்டு வந்தவள், தம்பியின் தட்டுக்கு வந்ததும் நின்று யோசித்தாள்.

"தம்பி கயிறு பிடிக்கேல்லையே" என்று மனைவி சீண்டினாள்.

"சட்டி அவற்றதானே. சட்டிக்கு ஒரு பங்கு" என்று ஒரு சூடையை வைத்தாள். வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு என்று கடற்கரையில் பிரிப்பார்கள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "அப்பாவுக்குச் சேட்டுக்கு ஒரு பங்கு, கத்தினதுக்கு ஒரு பங்கு."

"அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ? நான் பட்டினியோ?"

மகள் தன் தட்டில் இருந்த பாரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முள்ளோடு சேர்த்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அம்மாவின் தட்டில் வைத்தாள்.

அந்தச் சேட்டில் மீன் மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்து வான் ஓடத் தொடங்கியபிறகும் அதை நான் போட்டேன். ஏறுகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா, "அண்ணை, வானுக்குள்ள மீன் ஏத்தினனீங்களோ?" என்று கேட்டார். நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போகவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். "இல்லைத் தங்கச்சி, அது என்ர மகள் இழுத்த மீன்" என்று தொடங்கி, முழுக் கதையையும் சொல்லி முடித்துத்தான் வானை எடுத்தேன்.