குறை சொல்லி வாங்கிய பிக்அப்

கனடாவில் காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்தால் யாராவது எதையாவது புகழ்ந்துவிடுவார்கள். சட்டை நன்றாக இருக்கிறது என்பார்கள், புல்லை ஒழுங்காக வெட்டியிருக்கிறாய் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகியும் இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குப் பிடிபடவில்லை. ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டேவ், என் வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் கிடக்கும் பதினான்கு அடி அலுமினியப் படகைப் பார்த்து ஒருநாள், "பியூட்டிஃபுல் போட்" என்றார். நான் நம்முடைய வழக்கப்படி அடக்கமாக, "நோ, நோ. வெரி ஓல்ட். மெனி ஹோல்" என்றேன். உண்மையில் அதில் ஓர் ஊசித் துவாரம்கூட இல்லை. மறுநாள் காலை ஓட்டை அடைக்கும் பசைக் குழாயும் கையுறையுமாக டேவ் வந்து நின்றார். ஓட்டைகளைக் காட்டு, இருவருமாக அடைத்துவிடலாம் என்கிறார். இல்லாத ஓட்டையை எங்கே காட்டுவது? படகை இரண்டு தரம் சுற்றி நடந்துவிட்டு ஏதோ ஒரு தறையாணியைக் காட்டினேன். அவர் முழங்காலில் இருந்து அதை மிகுந்த அக்கறையோடு பூசி மெழுகினார். நானும் பக்கத்தில் கவலையான முகத்துடன் நின்றேன்.

அந்தப் படகை, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கினேன். அவரே தன் வண்டியில் கொழுவி இழுத்து வந்து விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அது ஓரடி நகரவில்லை. என் சின்னக் கார் தன்னைத் தான் இழுப்பதே பெரிய காரியம். பிக்கரிங்கில் நான் சாமான் தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டும் வேர்ஹவுஸில் ஆளாளுக்கு, "மீன் எப்படி?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தான் என்றால் கட்டுமரத்தில் பிறந்தவன் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் அதை மறுத்ததில்லை. மீனோடு எனக்கிருந்த உறவெல்லாம் சின்னக்கடைச் சந்தையில் அப்பாவுக்குப் பின்னால் பை தூக்கியதோடு சரி.

இந்த வருடம் மகள் ஆரணிக்குப் பதினெட்டு வயது. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்க அவளுக்கு ஹலிபக்ஸில் இடம் கிடைத்தது. காரில் இரண்டு நாள் ஓட்டம். கடிதம் வந்த கிழமை அவள் படகைக் காட்டிச் சொன்னாள்: "நான் போறதுக்கு முதல் ஒருக்கா உதிலை போவம் அப்பா. ஜஸ்ட் வன்ஸ்." வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பழைய பிக்அப்போ எஸ்யூவியோ ஒன்று வாங்குவதென்று புறப்பட்டேன்.

மனைவி வசந்தி எஸ்யூவி பக்கம். "மூண்டு வரிசை சீற் உள்ளதாப் பாருங்கோ. கலியாணவீடுகளுக்கு எல்லாரும் ஒண்டாப் போகலாம்" என்றாள். பிறகு அவளே யோசித்துவிட்டு, "பட்டுச்சீலையோடை மீன் வெடில் மணத்துக்குள்ளை நான் இருக்கமாட்டன். பின்னாலை திறந்ததாவே வாங்குங்கோ" என்று முடித்தாள். கராஜ் வைத்திருக்கும் ரஞ்சன் அண்ணை தொழில்முறைப் புத்தி சொன்னார். "மேலை பெயின்ற்றைப் பாத்து மயங்காதை. கீழை படுத்துச் சட்டத்தைப் பார். பனிக்கு றோட்டிலை கொட்டுற உப்பு அடியிலைதான் தின்னும். ரெயிலர் கொழுவுற கொழுக்கி இருக்கோ, நாலு சில்லும் இழுக்குதோ எண்டு பார். இல்லாட்டில் ஏரிக்கரைச் சரிவிலை போட்டை இறக்கப்போய் நீயும் இறங்கிவிடுவாய்."

ஒரு மாதத்தில் ஏழு வண்டிகள் பார்த்தேன். பிறம்ரனில் ஒன்றின் அடிச்சட்டம் புத்தம்புதிதாகக் கறுப்பு அடித்து மினுங்கியது. ஸ்குறூ டிரைவரால் தட்டியபோது அப்பளம்போல் நொறுங்கியது. இன்னொன்றில் கியர் எண்ணெய் கருகி மணத்தது. ஒவ்வொரு இடத்திலும் நான் தரையில் படுத்து எழும்பியதைப் பார்த்து, ஆரணி என் சட்டை முதுகைத் தட்டிவிடுவதற்கென்றே துண்டு ஒன்றைக் காரில் வைத்திருந்தாள்.

எட்டாவது வண்டி லின்ட்சே பக்கம் ஒரு கிராமத்தில் நின்றது. மே மாதத்தின் கடைசிக்கு முந்திய சனிக்கிழமை. சொந்தக்காரர் வால்ரர், எழுபத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வருத்தத்தால் மீன்பிடியை விட்டுவிட்டாராம். பச்சை நிற பிக்அப். எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. அடிச்சட்டம் கல்லுப்போல் இருந்தது. கொழுக்கி இருந்தது, ரெயிலர் விளக்குக்கான இணைப்பு இருந்தது. கதவைச் சாத்தினால் கனமாக, மரியாதையாக ஒரு சத்தம். பார்த்த மாத்திரத்திலேயே எனக்கு அதன்மேல் காதல் வந்துவிட்டது. ஆகவே, குறை சொல்லத் தொடங்கினேன்.

இதை இங்கே பிறந்தவர்களுக்கு விளக்குவது கஷ்டம். என் அப்பா ஒரு மீனை வாங்க முடிவெடுத்துவிட்டால் முதலில் அதன் முகத்தைப் பார்த்து அருவருப்பார். செவுளைத் தூக்கி, "உது முந்தநாளையான் மீனல்லோ" என்பார். கண் குழிவிழுந்துவிட்டது, வயிறு வெடித்துவிட்டது என்று அடுக்குவார். மீன் விற்கிற அம்மா அவருடைய பரம்பரையையே இழுப்பாள். அப்பா அலட்சியமாகத் திரும்பி நடப்பார். ஏழடி. ஏழாவது அடி வைக்குமுன் பின்னாலிருந்து, "இஞ்சை வாங்கோ ஐயா, கொண்டு போங்கோ" என்று குரல் வரும். அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. இரண்டு பேருக்கும் மீன் நல்லதென்று தெரியும். இரண்டு பேரும் பொய் சொல்வது இரண்டு பேருக்கும் தெரியும். அது ஒரு மரியாதை. நல்லது என்று சொல்லி வாங்குகிறவனைச் சந்தையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

அந்த மரியாதையை நான் வால்ரருக்கும் செய்தேன். "ரயர் ஃபினிஷ்" என்றேன். "துரு" என்று கதவின் கீழே கடுகளவு புள்ளியைக் காட்டினேன். "கிலோமீற்றர் ரூ மச்." அவர் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போய் ரோர்ச் எடுத்து வந்து, வருத்தக்கார முழங்காலை மடக்கி, அந்தப் புள்ளியை என்னோடு சேர்ந்து உற்றுப் பார்த்தார். எனக்கு உற்சாகம் கூடியது. எஞ்சின் இரைகிறது, சீற் அமுங்குகிறது என்று இல்லாததையும் சேர்த்தேன். கடைசியில் நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டு, "மை ஃபிரண்ட், திஸ் ரக் வெரி புறொப்ளம்" என்று சொல்லித் திரும்பி நடந்தேன்.

ஐந்து, ஆறு, ஏழு. குரல் வரவில்லை. கனடாக்காரர்கள் கொஞ்சம் தாமதம் என்று அடியைச் சின்னதாக்கினேன். பதினைந்தாவது அடியில் என் கார் வந்துவிட்டது. குனிந்து என் ரயரைப் பார்வையிட்டேன். கண்ணாடியைத் துடைத்தேன். காருக்குள் இருந்த ஆரணி, "அப்பா, ஆர் வீ கோயிங் ஓர் நொட்?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால், வால்ரர் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விற்பனை அறிவிப்பை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு நொண்டி நொண்டி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு பிழை இருப்பது தனக்குத் தெரியாமல் போனதாம். நல்லவேளை சொன்னாய், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற மனிதனுக்கு இதை விற்க என் மனம் இடம் தராது என்றார். வேறு ஒருவருக்கும்கூட விற்கப்போவதில்லையாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணலுக்காவது மழை பெய்ததென்ற சாட்டு ஒன்று உண்டு.

காரை வீட்டுப் பக்கம் விட்டேன். பிறகு ஆரணி கேட்டாள்.

"உங்களுக்கு அந்த ரக் பிடிச்சதுதானே?"

"ஓம். நல்லாப் பிடிச்சது."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிடிச்சதைப் பிடிச்சதெண்டு சொல்லக்கூடாது பிள்ளை. எங்கடை பழக்கம் அது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஹலிபக்ஸையும் அப்பிடித்தான் சொன்னனீங்களோ? பிகோஸ், நான் அவைக்கு வரேல்லை எண்டு எழுதப்போறன். இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

காரைத் தெருவோரம் நிறுத்தினேன். கடிதம் வந்த அன்று நான் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ரொறன்ரோவில் இல்லாத படிப்பா என்றேன். அங்கே மழையும் காற்றும் என்றேன். உனக்குத் தேத்தண்ணிகூட ஒழுங்காகப் போடத் தெரியாதே என்றேன். மறுநாள் வேர்ஹவுஸில் ஐம்பது பேருக்குக் கட்லற் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியதை அவளிடம் சொல்லவில்லை. என் நெஞ்சு பூரித்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் இந்த நாட்டில் பிறந்தவள். வால்ரரைப் போல, சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையை எழுதவேண்டும். அவள் போகமாட்டாள் என்று கேட்டதும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. பழக்கதோசத்தில் குறை சொன்னேன். நான் ரகசியமாக ஆசைப்பட்டதே கைக்கு வந்து நிற்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆகவே ஹலிபக்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "ரக்கையாவது திருப்பிக் கேப்பமோ?" என்றேன். கோழைத்தனத்துக்கும் ஒரு சுறுசுறுப்பு இருக்கிறது.

"மூண்டு நல்ல விசயம் சொல்லுங்கோ. ட்ரூ ஆனதா இருக்கோணும்" என்று திரும்பிப் போகும் வழியில் ஆரணி எனக்குப் பாடம் எடுத்தாள். கதவைத் திறந்த வால்ரரிடம் பரீட்சைப் பிள்ளைபோல் ஒப்பித்தேன். உன் வண்டி வடிவு. நீ அதை நன்றாகப் பார்த்திருக்கிறாய். இப்படி ஒன்றை நான் எங்கேயும் காணவில்லை. அவர் குழம்பிப்போனார். அப்படியானால் அந்தப் பிழைகள்? "எங்கள் ஊரில், விருப்பமானதைப் பற்றிக் குறையாகத்தான் சொல்வோம்" என்றேன் என் ஆங்கிலத்தில். அவர் என்னையும் ஆரணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் மனைவிமாரின் பாடு கஷ்டந்தான் என்றார். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். ரயர் தேய்ந்தது உண்மை என்று சொல்லி, நான் கேட்காமலே விலையில் கொஞ்சம் குறைத்தும் விட்டார். உடனே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாகக் குறைக்கிறாரே, வண்டியில் ஏதாவது பிழையோ?

அந்தக் கிழமை முழுவதும் பத்திரம் மாற்றவும் இன்சூரன்ஸ் எடுக்கவும் ஓடித்திரிந்தேன். ஹலிபக்ஸ் என்ற சொல் என் வாயில் வரவில்லை. வசந்தி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "பிள்ளை உங்கடை வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. பிறகு காலத்துக்கும் என்னைச் சாட்டாதேங்கோ" என்றாள். அதற்கும் நான் ரயரைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை படகைக் கொழுவிக்கொண்டு போனோம். ஏரிக்கரைச் சரிவில் ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பதென்றால், படகு இடப்பக்கம் போக ஸ்ரியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். வாழ்நாள் முழுவதும் எதிர்மாறாகவே பேசி வந்தவனுக்கு இது கைவந்த கலையாக இருந்திருக்க வேண்டும். ஒன்பது தரம் முயன்றேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள், "யூ ஆர் டூயிங் கிரேற்" என்று கத்தினார்கள். வயதுபோன ஒரு பெண்மணி கடைசியில் என்னை இறக்கிவிட்டு, தானே ஏறி ஒரே தரத்தில் படகைத் தண்ணீரில் விட்டார்.

நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினோம். தூண்டிலில் புழுக் கோக்க எனக்குத் தெரியாது. ஆரணி போனில் பார்த்துக் கோத்தாள், நான் புழு எடுத்துக் கொடுத்தேன். காற்று இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நாளைக்கு நான் எழுதோணும் அப்பா. ரியலி, என்ன நினைக்கிறியள்?"

அங்கே குளிர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் என் வீட்டு மேல்மாடி அறையிலேயே இருப்பாள். இராச்சாப்பாட்டுக்கு மேசையில் நான்கு வருடம் என் முன்னால் இருப்பாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. எனக்கு அவள் வேண்டும். அதில் பொய்யில்லை.

"ஹலிபக்ஸ் நல்ல இடம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ சின்னனிலை இருந்து ஆசைப்பட்ட படிப்பு அங்கைதான் இருக்கு. கடல் பக்கத்திலையே இருக்கு. மூண்டாவது..." புழு டப்பாவைத் திறந்து மூடினேன். "மூண்டாவது, அந்த இடத்தை ஒருத்தரும் உனக்கு எடுத்துத் தரேல்லை. நீயே எடுத்தனி. நான் வேலையிலை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் திரிஞ்சனான். உனக்கு மட்டும்தான் சொல்லேல்லை."

அவள் தூண்டிலைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த போனை எடுத்து ஏதோ எழுதினாள், இரண்டு தரம் வாசித்தாள், அனுப்பினாள். "வாறன் எண்டு போட்டன். சென்ற்" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"நீ நல்ல வடிவு பிள்ளை. கெட்டிக்காரி" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் தரம் முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லி வாய் மூடுமுன்னே பயம் பிடித்தது. பெற்றவன் வாயால் இப்படிப் பச்சையாகப் புகழலாமா? பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டால் என்ன செய்வது? எழும்பினேன். படகு ஆட ஆட, புழு மணக்கும் இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்து, என் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தேன். பத்து விரலும் படபடவென்று முறிந்தன. "அப்பா! வோர்ம் ஹாண்ட்ஸ்! சோ க்றோஸ்!" என்று அவள் கத்தினாள். அப்பால் போன படகிலிருந்த மனிதர், நாங்கள் பெரிய மீன் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கை தட்டினார்.