திரேசா மச்சாளின் நீல மணிப்பூ

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது திரேசா மச்சாளின் மகன் போன் எடுத்தான். "மாமி, அம்மா விடியப்புறம் நித்திரையிலேயே போயிட்டா," என்றான். கையைக் கழுவிவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். பின்னேரம் செத்த வீட்டுக்குப் போனால், அழுதுகொண்டு வந்தவர்கள் எல்லாம் மணிப்பூக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சாளை அறியாதவர்களுக்காக அதை நான் எழுதுகிறேன்.

அவர் என் கணவரின் அக்கா. லிங்கநகரில் அவருடைய முற்றத்தில் வளராத பூ இல்லை. எங்கள் மாதா கோயில் பீடத்துக்குப் பூச் சோடிப்பவரும் அவர்தான். போன வருஷம் கனடாவில் இருக்கும் மகள் ஒரு விதைப் பக்கெற் அனுப்பினாள். அதன் மேல் படத்தில் நீல நிறத்தில் மணி மணியாகப் பூக்கள். மாதாவின் மேலாடை நிறம் என்று மச்சாளுக்கு ஆசை பிடித்துவிட்டது. மாசியில் வரும் லூர்து மாதா திருநாளுக்கு இந்தப் பூவைத்தான் வைப்பேன் என்று, பூச் சோடிக்கும் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

அவர்களில் ஒருத்தியான மேரி, "நுவரெலியாக் குளிரில பூக்கிற சாமான் அக்கா. எங்கட வெயிலுக்கு வதங்கிப்போகும்," என்றாள்.

"வெயிலோட நான் கதைச்சுக்கொள்ளுறன்," என்றார் மச்சாள்.

ஆவணியில் பாதி விதையைப் பூச்சட்டியில் போட்டார். மிளகாய் நாற்றுப் போடுவது போல மண்ணால் மூடி, வைக்கோல் பரப்பி, மீன் கழுவிய தண்ணீர் விட்டார். எங்கள் பக்கத்தில் எந்தச் செடிக்கும் அதுதானே மருந்து. முளை வந்தது. மச்சாள் அதற்குக் குடை பிடிக்காத குறைதான். ஆனால் தெருப் பூனைகள் எல்லாம் சட்டிக்குள் ஏறி உருளத் தொடங்கின. மீன் மணத்துக்கு வருகின்றன என்று சொல்லி, பழைய வலைத்துண்டைக் கட்டிக் காவலிருந்தார். ஒருநாள் நான் குனிந்து பார்த்தேன். பூனைக்குப் பைத்தியம் பிடிக்கவைக்கும் செடி எது என்று எனக்குத் தெரியாதா?

"மச்சாள், இது குப்பைமேனி."

அவர் பக்கெற்றை எடுத்து, படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கனடாவிலயும் குப்பைமேனி இருக்குதோ?" என்று கேட்டார்.

மிச்ச விதைக்கு என் பேத்தி வந்தாள். கம்பஸில் படிக்கிறவள், அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. பக்கெற்றின் பின்பக்கத்து இங்கிலீசை வாசித்து, விதையை மூடக்கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும், வேருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்றாள். மச்சாள் தூசு போன்ற விதையை ஈரமண்ணின் மேலேயே தூவி, கையால் மெல்ல அமர்த்தினார். முளைத்ததும் சட்டி கிணற்றடி நிழலுக்குப் போனது. மீன் தண்ணீர் நின்றது. இந்த முறை சொரசொரத்த இலைகள் தரையோடு வட்டமாக விரிந்தன. கிள்ளினால் வெள்ளைப் பால் வரவேண்டும் என்று பேத்தி சொல்லியிருந்தாள். மச்சாள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஒரு இலையைக் கிள்ளினார். பால் வந்தது. அம்மான்பச்சரிசிக் களைக்கும் பால் வரும் என்று நான் சொன்னதற்கு, ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மார்கழி மழையில் மற்றக் கன்றுகள் அழுகிப்போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. திருநாள் நெருங்கும்போது அதில் நீல மணிகள் விரிந்தன. மேரி கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். மச்சாள் அதை வாங்கினார், தண்டருகே கொண்டுபோனார், வெட்டக் கை வரவில்லை. வெட்டாவிட்டால் எல்லோருக்கும் முன்னால் சொன்ன சொல் பொய்த்துவிடும். கத்தரிக்கோலை மேரியிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பூவை மாதாவிட்டக் கொண்டுபோக என்னால ஏலாது. மாதாவை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ."

திருநாளுக்கு முன் மாதா சுருவம், அதுதான் சிலை, வீடு வீடாகப் போவது எங்கள் பங்குக் கோயில் வழக்கம். பாதர் சிரித்துக்கொண்டே கடைசி நாளை மச்சாள் வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் முற்றம் நிறைய ஆட்கள். சுருவத்தைச் சட்டிக்கு எதிரே மேசையில் வைத்தோம். செபமாலை தொடங்கியும் எல்லோருடைய முகமும் பூவின் பக்கம். மேரி முழங்காலில் நின்றபடியே அதற்குக் கிட்ட நகர்ந்துவிட்டாள். மாதா தனியே நின்றார்.

"எல்லாரும் திரும்புங்கோ. மாதா அந்தப் பக்கம்," என்று மச்சாள் அதட்டினார். அதட்டியவரும் திரும்பவில்லை.

மச்சாள், இனி நீங்கள் மாதாவை நேரிலேயே காண்பீர்கள். அங்கேயும் ஒரு பூச்சட்டி இருந்தால், முதலில் அவவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கோ.