எகுசிக்குப் பூசணிக் கொழுந்து

ரொறன்ரோவில் நான் சமைக்காத நாட்டுச் சமையல் குறைவு. பார்க்டேலில் ஒரே அறையில் ஐந்து பேராகக் கிடந்த காலத்தில் ஓர் இத்தாலியக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கினேன். ஒரு வருடத்தில் அடுப்படிக்கு வந்துவிட்டேன். பிறகு கிரேக்கக் கடை, போர்த்துக்கீசக் கடை, கொஞ்சக் காலம் ஒரு யப்பானியக் கடையும்கூட. இந்த நகரத்தில் எந்த நாட்டு உணவகத்தின் பின்கதவைத் தட்டினாலும் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் ஏப்ரனோடு வந்து எட்டிப்பார்ப்பார். முன்பக்கம் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு நைஜீரியச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போன பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

கடையின் சொந்தக்காரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். முழங்கால் வலியால் பெரிய பானைக்கு முன்னால் நின்று சமைக்க முடியாமல் போய்த்தான் ஆள் தேடினார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில். அவருடையது சரளமான ஆங்கிலம், என்னுடையது அடுப்படி ஆங்கிலம். வேலைக்கு எடுத்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆட்கள் இருக்கும்போது நீங்கள் முன்பக்கம் வரவேண்டாம். எங்கள் சூப்பை வேறு ஆள் சமைக்கிறார் என்று தெரிந்தால், ருசி பார்க்க முதலே குறை சொல்லிவிடுவார்கள்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? பனங்கிழங்கு மாவில் செய்யும் எங்கள் ஒடியற்கூழை ஒரு நைஜீரியர் காய்ச்சினார் என்று சொன்னால் எத்தனை பேர் வாயில் வைப்பார்கள்? ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மேடம் என்ன பதில் சொல்லிவந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரிலிருந்து வந்த தன் தங்கச்சி என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தலை வழுக்கை, மீசை முழுக்க நரை. அப்படியிருந்தும் ஒன்றரை வருடம் நான் அவருக்குத் தங்கச்சியாக இருந்தேன். "உன் தங்கச்சிக்கு ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும்" என்று கதவுக்கு அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள், இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். ஒரு நத்தார் பண்டிகைக்கு யாரோ தங்கச்சிக்கென்று தலையில் கட்டும் பட்டுத்துணி கொடுத்துவிட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சமைத்ததற்கு இன்னொருவர், அதுவும் பிறக்காத ஒருவர், பெயர் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமையல் சும்மா வந்த கலையும் இல்லை. எகுசி என்பது ஒருவகை முலாம்பழ விதை. அதை அரைத்துச் சிவப்புப் பாம் எண்ணெயிலும் மிளகாய் விழுதிலும் சிறுசிறு கட்டிகளாக விட்டு, மூடி, கரண்டி போடாமல் பொறுத்திருக்கவேண்டும். கட்டி உடையக்கூடாது. எண்ணெய் ஓரத்தில் ஊறி வந்த பிறகுதான் கீரை போடலாம். காய்ந்த றால் தூளும் கருவாடும் அதற்குள் இருப்பதால் மணம் எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. பிடிபடாதது என் கைதான். எங்கள் வீட்டில் எந்தக் கீரையை இறக்கினாலும் கடைசியில் தேசிப்புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவது வழக்கம். முதல் கிழமையிலேயே என் கை தானாகப் போய் ஒரு முழுத் தேசிக்காயைப் பானைக்குள் பிழிந்துவிட்டது. மேடம் ஒரு வாய் வைத்தார். பானையைச் சரித்து அவ்வளவையும் குப்பையில் ஊற்றினார். அதற்குப் பிறகு அந்தச் சமையலறைக்குத் தேசிக்காய் வாங்கவே இல்லை. நானும் முயற்சியை விடவில்லை. ஆறு மாதத்தில் அவர் ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் பானையை ஒப்படைத்தார்.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு குடும்பம் தங்கள் பிள்ளையின் பெயர்சூட்டு விருந்துக்காகக் கடையை ஒரு சனிக்கிழமைக்கு முழுவதுமாகப் பிடித்தது. எகுசி சூப்தான் பிரதானம். அதற்கு உகு என்ற இலை வேண்டும். பூசணிக்கு உறவான ஒரு கொடியின் இலை அது. இங்கே உறையவைத்த பொதியாகத்தான் வரும். வெள்ளிக்கிழமை காலை, இலை கொண்டுவருகிறவர் தொலைபேசியில் கையை விரித்துவிட்டார். பெட்டி வந்து சேரவில்லையாம்.

மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்பினாச் போடுவோம். வேறு வழியில்லை."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஸ்பினாச் கொதியில் விழுந்ததும் தண்ணீராகிப்போகும். கேல் கீரை எவ்வளவு அவித்தாலும் பல்லுக்குள் நிற்கும். "என் வீட்டு வேலி முழுக்கப் பூசணிக்கொடி. நான் இருக்கும் மல்வேர்னில் எங்கள் ஆட்களின் வீட்டு வளவுகளில் இப்போது அதைத் தவிர வேறொன்றும் இல்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

"பூசணி இலை உகு ஆகாது."

"அரிகிற மாதிரி அரிந்தால் ஆகும்."

"பிழையாகிப்போனால்? நாளைக்கு யார் வருகிறார்கள் தெரியுமா? அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய அத்தை. அவருக்கு ஒரு கடைச் சாப்பாடும் இதுவரை பிடித்தது கிடையாது."

"பிழையானால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். சரிவந்தால், சமைத்தது யார் என்று நீங்கள் உண்மையைச் சொல்லவேண்டும்." வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எவ்வளவு பெரிய பேச்சுப் பேசிவிட்டேன் என்று உறைத்தது. வீட்டுக் கடனும் காருக்கான தவணையும் கண்முன்னால் வந்து போயின.

மேடம் நாற்காலியிலிருந்து எழும்பினார். "முதலில் பானையைப் பார்ப்போம்" என்றார். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, உடுப்பும் மாற்றாமல் வேலியோரம் போய்க் கிள்ளத் தொடங்கினேன். மனைவி ஓடிவந்தாள்.

"என்னப்பா, விசரே உங்களுக்கு? காய் பிடிக்கிற நேரத்தில கொழுந்தைக் கிள்ளுறியள்."

"கிள்ளினால் பக்கத்தால புதுக் கொழுந்து வெடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிக்காமல் நீயும் கிள்ளு."

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், தங்கச்சி கதை முடியப்போகிற சந்தோஷம் மறுபக்கம். உள்ளே போய் ஒரு பெரிய பையை எடுத்துவந்தாள். எங்கள் கொடி போதவில்லை. பக்கத்து வீட்டு அன்ரியின் கதவைத் தட்டி, நைஜீரியர் விருந்துக்குக் கொழுந்து வேண்டும் என்றேன். அவருடைய பூசணி வேலி தாண்டி, கராஜ் கூரையிலும் ஏறி நின்றது.

"உவையும் பூசணி இலை சாப்பிடுறவையே தம்பி?"

"ஓம் அன்ரி, எங்களைவிட விருப்பமாச் சாப்பிடுவினம்."

"அப்ப கிள்ளிக்கொண்டு போ. பிஞ்சுகளை மட்டும் விட்டிடு. பிறகு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து தா, என்னெண்டு பாப்பம்."

பூசணி இலையில் சுணை இருக்கும், கையில் பட்டால் அரிக்கும். தண்டின் நாரை உரித்து, இலையை உப்புத் தண்ணீரில் உடுப்புத் துவைப்பதுபோலக் கசக்கி எடுக்கவேண்டும். நானும் மனைவியும் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தாள் விரித்து உட்கார்ந்து நார் உரித்தோம். விரல்கள் பச்சையாகி, முழங்கை வரை அரித்தது. அவள் என்னைத் திட்டிக்கொண்டே உரித்தாள், ஆனால் என்னைவிட வேகமாக உரித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் தமிழ்க் கடையில் கொடிப் பசளிக் கீரையும் இரண்டு பெட்டி வாங்கினேன். சூப்புக்குக் கொஞ்சம் வழுவழுப்பு வேண்டும், அதற்குப் பசளியை மிஞ்ச ஒன்றில்லை. சமையலறைக்குப் போய்ப் பூசணி இலைகளை அடுக்கிச் சுருட்டி, கீரை வறை வறுக்க அரிவதுபோல நூலாக அரிந்தேன். இந்த ஒரு வேலையில் எனக்கு யாரும் கிட்டவும் நிற்க முடியாது, சொல்லிவிட்டேன். மேடம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

எகுசி கட்டிகட்டியாக நின்றது. எண்ணெய் ஊறி வந்தது. இலையையும் பசளியையும் இரண்டு தடவையாகத் தூவி, ஒரு தரம் மட்டும் அடியிலிருந்து புரட்டி, மூடியைப் பாதி திறந்து வைத்தேன். பச்சை கறுக்காமல் பச்சையாகவே நின்றது. மேடம் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். "உப்புச் சரி" என்றார். எனக்கு அதை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை.

விருந்து தொடங்கியது. பாட்டுச் சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. கதவு இடுக்கால் அந்த அத்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உயரமான மனுஷி, தலையில் பெரிய கட்டு. இடித்த யாம் கிழங்கை உருண்டையாக உருட்டினார், சூப்பில் தொட்டார், விழுங்கினார். நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, யாரோடும் பேசாமல் தட்டு முடியும்வரை சாப்பிட்டார். முடிந்ததும் மேடத்தைக் கைகாட்டி அழைத்தார்.

"இந்த இலை எங்கே வாங்கினாய்? ஐஸ் மணம் இல்லை. நேற்றுப் பிடுங்கிய இலை இது."

மேடம் ஏதோ முணுமுணுத்தார்.

"உன் தங்கச்சியைக் கூப்பிடு. அந்தக் கையை நான் பார்க்கவேண்டும்."

"அவளுக்குக் கூச்சம்" என்றார் மேடம்.

"அப்படியென்றால் நானே போகிறேன்" என்று அத்தை எழும்பி நேராகச் சமையலறைக் கதவை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் மேடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய கண்கள் எனக்குப் பின்கதவைக் காட்டின. போய் ஒளித்துக்கொள் என்று அர்த்தம். அந்தக் கதவு திறந்துதான் கிடந்தது. நான் அசையவில்லை.

அத்தை உள்ளே வந்து சுற்றிப்பார்த்தார். அங்கே கரண்டியோடு நின்றது நான் ஒருவன்தான்.

"யார் சமைத்தது?"

எனக்கு அந்த நேரம் பார்த்து ஆங்கிலம் வரவில்லை. "நான்தான் சமைச்சனான்" என்றேன். நெஞ்சில் கையை வைத்து இன்னொரு முறையும் அதையே சொன்னேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பானையைத் திறந்து, தான் சாப்பிட்டது இதுதானா என்று ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். என் பச்சை விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, "இதுவா உன் தங்கச்சி? மீசை நன்றாக இருக்கிறது" என்றார். கதவடியில் கூடி நின்றவர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அவர் பிடித்த கையை விடவில்லை. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு, ஏப்ரனோடும் வியர்வையோடும், கூடத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்.

தங்கள் மொழியில் அவர் ஏதோ உரத்துச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கைப்பையிலிருந்து ஒரு பணத்தாளை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். அவர்கள் கொண்டாட்டத்தில் ஆடுகிறவரையும் பாடுகிறவரையும் அப்படித்தான் மரியாதை செய்வார்கள், நான் கதவிடுக்கால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கனடாவின் பிளாஸ்ரிக் தாள் வழுக்கி வழுக்கி விழும். என் நெற்றி வியர்வையில் நன்றாகவே ஒட்டியது. பிறகு பிள்ளையின் தகப்பன் வந்து ஒட்டினார், தாய் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டினார். பாட்டைக் கூட்டினார்கள். நான் கலியாண வீட்டிலும் ஆடாதவன். அன்றைக்கு ஆடினேன்.

பாட்டு முடிந்ததும் மேடம் நடுவே வந்தார். யாரும் கேட்கவில்லை, தானாகத்தான் சொன்னார். "இவர் என் சமையல்காரர். தமிழர். ஒன்றரை வருடமாக இங்கே நீங்கள் சாப்பிட்டதெல்லாம் இவருடைய கை." எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. இத்தனை நாட்டுச் சமையலறைகளில் வெந்ததற்கு முதல்தடவையாக ஒருவர் என்னைக் காட்டிப் பேசினார். அந்தப் பெருமையை எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த கிழமை மேடம் வங்கிக்குப் போயிருந்த நேரம் முன்பக்கத் தொலைபேசி அடித்தது. நானே போய் எடுத்தேன். ஒரு பெண், அவசரத்தில் இருந்தார்.

"இன்றைக்கு அந்தத் தமிழர் நிற்கிறாரா? இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன்."

"நிற்கிறார். பானை இப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கிறது, அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கள்" என்றேன்.