சந்தேகம் என்று நான் எழுதிய குறிப்பு

1. பொறுப்பு யாருக்கு

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் போர் மூண்டதும் காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸுக்கு ஓர் அவசர உத்தரவு வந்தது. விமானத் தாக்குதல் நடந்தால் ஜனங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குள் ஒத்திகை நடத்த வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளரைத் தாசில்தார் நியமிக்க வேண்டும்.

நான் அங்கே உதவியாளர். ஒன்பது வருஷ சர்வீஸ். எலெக்‌ஷன், வெள்ள நிவாரணம் எல்லாம் பார்த்தவன். பொறுப்பு எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன்.

தாசில்தார் என்னைத் தாண்டிப் பார்த்தார். "சிவஞானம், நீ பாத்துக்கய்யா. குண்டு விழறத நேர்ல பாத்தவன் இந்த ஆபீஸ்ல நீ ஒருத்தன்தான்" என்றார்.

சிவஞானம் எங்கள் டைப்பிஸ்ட். பர்மாவில் பிறந்தவர். சிறு வயதில் அங்கே ஜப்பான்காரன் போட்ட குண்டில் தகப்பனாரைப் பறிகொடுத்தவர். அறுபதுகளில் பர்மாவிலிருந்து நம்மவர்கள் வெளியேற நேர்ந்தபோது, தாயாரோடு கப்பலில் வந்து இறங்கினார். அப்படித் திரும்பியவர்களுக்கான சலுகையில் வேலைக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் அடித்த லெட்டர் என்றால் தாசில்தார் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். நான் எழுதிய டிராஃப்ட் சிவப்பு மை படாமல் திரும்பியதே இல்லை. அதில் எனக்கு ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

2. ஃபைல்

இரண்டு நாள், நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தைத் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு வந்து சிவஞானம் திட்டத்தைச் சொன்னார்.

"நெசவுக்காரங்க வெளிய ஓடவே கூடாது சார். வீட்டுக்கு வீடு தறிக்குழி இருக்குது. அபாயச் சங்கு ஊதினதும் அப்படியே குழிக்குள்ள இறங்கித் தலையக் குனிஞ்சிக்கினா போதும். சாயம் காய்ச்சற வீட்ல மட்டும் முதல்ல அடுப்ப அணைக்கணும்."

தாசில்தார் மேஜையைத் தட்டினார். "இத்தினி நாளா இது யாருக்காவது தோணுச்சாய்யா?" என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

என் மாமனார் வீட்டிலேயே இரண்டு தறி. நெய்பவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டேதான் நான் விருந்து சாப்பிட்டிருக்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் பாராட்டியிருப்பேன்.

அன்று மத்தியானம் அவருடைய ஃபைலை எடுத்தேன். பர்மாவில் கொடுத்த சான்றிதழில் பிறந்த ஊர் மோல்மேன். எங்கள் ரிஜிஸ்டரில் ரங்கூன். ஏன் என்று எனக்குத் தெரியும். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வந்து வரிசையில் நின்ற நாளில் அந்த ரிஜிஸ்டரை எழுதியவன் நான். கூட்டம் தாங்காமல் கேட்காமலே எல்லோருக்கும் ரங்கூன் என்று போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அதை மட்டும் விட்டுவிட்டு இப்படிக் குறிப்பு வைத்தேன்: "மேற்படி நபரின் பிறப்பிடம் இரு ஆவணங்களில் இரு விதமாக உள்ளது. சந்தேகத்துக்கு இடமிருப்பதால், வெளிநாட்டில் பிறந்த இவரிடம் பாதுகாப்புப் பணியை ஒப்படைப்பது குறித்து உத்தரவு கோரப்படுகிறது."

போர்க் காலத்தில் அப்படி ஒரு குறிப்பை அமுக்கி வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தாசில்தார் முகம் சுண்டியது. மேலே அனுப்பினார். மறுநாளே ஓர் இன்ஸ்பெக்டர் வந்து சிவஞானத்தை ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்தார். "எந்தக் கப்பல்ல வந்த? அங்க இன்னும் யாருக்கு லெட்டர் போடற?" என்று கேட்பது என் சீட் வரை கேட்டது. ஒத்திகைப் பொறுப்பு எனக்கு வந்தது.

3. ஒத்திகை

தறிக்குழித் திட்டம் அவருடையது என்பதாலேயே அதை மாற்றினேன். எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்து மைதானத்துக்கு ஓட வேண்டும் என்று தண்டோரா போட்டேன்.

குறிப்பு வைத்த மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. சாயம் காய்ச்சும் கன்னியம்மா வாசலில் நின்று, "சாயக் கொப்பரை கொதிச்சிக்கினு இருக்குது சார், அப்படியே உட்டுட்டு ஓடறதா?" என்று கேட்டாள்.

"நிஜமா குண்டு விழுந்தா கொப்பரையப் பாத்துக்கினு நிப்பியாம்மா? ஓடு!"

உள்ளே பட்டு அலசிக்கொண்டிருந்தவர்கள் என் அதட்டலைக் கேட்டு ஒரே வாசலை நோக்கி முண்டியடித்தார்கள். யார் கால் பட்டதோ, கொப்பரை சாய்ந்தது. கன்னியம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. ஜட்காவில் தூக்கிப் படுக்க வைத்தபோது அவள் அழவில்லை. "நான் சொன்னேனே சார்" என்றாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீஸுக்குப் போனேன். சிவஞானம் அதே ரெக்கார்டு ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாசில்தாரிடம் ரிஜிஸ்டர் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, "எழுதிக் குடுய்யா" என்றார். தப்பு என்னுடையது, தெரிந்தேதான் மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடி, சிவஞானத்தைப் போகச் சொன்னார்.

4. பிறகு

எனக்கு சார்ஜ் மெமோ வந்தது, பிரமோஷன் தள்ளிப்போனது. கன்னியம்மா நடக்க இரண்டு மாசம் ஆயிற்று. தழும்பு போகவில்லை.

இரண்டாம் ஒத்திகையைச் சிவஞானம் நடத்தினார். சங்கு ஊதியதும் தெரு முழுக்கத் தறிச்சத்தம் ஒன்றாக நின்றது. ஒருத்தரும் வெளியே வரவில்லை. தெருக்கோடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அப்போதும், இவனுக்கு இப்படி அமைகிறதே என்றுதான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார்: "எம்மேல உங்களுக்குக் கோபம்னா என்னையே திட்டியிருக்கலாம் சார். அந்த மூணு நாளும் எங்கம்மா துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வச்சிக்கினு உக்காந்திருந்தாங்க. 'இந்த வாட்டி எந்த ஊருக்குடா அனுப்புவாங்க'ன்னு கேட்டுக்கினே இருந்தாங்க."



ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரைப் பற்றி ஃபைலில் குறிப்பு எழுதும் முன், அவர் மேல் உங்களுக்கு வயிற்றெரிச்சல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் அந்த ஃபைலை அடுத்த சீட்டுக்கு மாற்றிவிடுங்கள். எரிச்சல் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அது போகாது. பின்னாளில் டிபார்ட்மென்ட் டெஸ்ட் எல்லாம் எழுதித் தேறி சிவஞானம் தாசில்தார் ஆனபோது, மாலை வாங்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். எரியத்தான் செய்தது. மாலையைப் போட்டுவிட்டு என் சீட்டுக்குத் திரும்பினேன்.