ஆமென் சொன்னதும் திறந்த கண்கள்

காலை ஆறே முக்கால் மணி. நான் முதலில் பார்த்தது என் கணவரின் வாயோரம் வழிந்த காபி. துடைக்கச் சொன்னேன். அவருடைய வலது கை எழவில்லை.

பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு உயிரோடு திரும்பினார், பேச்சு திரும்பவில்லை. சொல்வதும் அவருக்குப் புரிவதில்லை. பழகிய காரியங்களை மட்டும் தானாகச் செய்வார். மாத்திரைகளுக்கு அரசின் உதவித்தொகையை நம்பியிருந்தோம். போன வருடம் அது நின்றது. அவர் உயிரோடிருப்பதைக் கைப்பேசிச் செயலியில் உறுதிசெய்ய வேண்டுமாம். பட்டறை வேலையில் தேய்ந்த விரல்களில் ரேகை விழவில்லை. முகத்தைக் காட்டினோம். அதுவும் தோற்றது. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் மூச்சுவிடுகிறவரை உயிரோடிருக்கிறார் என்று யாரிடம் நிரூபிப்பது? அழுதேன்.

உயிர்ச்சான்றுக்குக் கொடுத்திருந்த கடைசி நாளன்று, இ-சேவை மையத்தில் வேலை செய்யும் தேவி வீட்டுக்கே வந்தாள். அவள் கைப்பேசியைத் தூக்கியதும், வழக்கம்போல் அவர் கையைப் பிடித்துச் சத்தமாக ஜெபித்தேன். மறுபடியும் தோல்வி.

"ஆண்ட்டி, கோச்சிக்காதீங்க. நீங்க ஜெபத்த ஆரம்பிச்சதும் அங்கிள் கண்ண மூடிக்கினு குனிஞ்சிட்றாரு. போனு இன்னா பண்ணும்?"

ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நானும் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். இப்போது அவர் இமைக்காமல் வெறித்தார். இமைத்தால்தான் உயிருள்ள ஆள் என்று செயலி ஏற்குமாம், புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாதிருக்க. இமைக்கச் சொன்னோம். அவருக்குப் புரியவில்லை.

தேவி கொஞ்சம் யோசித்தாள். "சரி, சின்னதா ஒண்ணு ஜெபம் பண்ணுங்க. தலைய மட்டும் நிமித்திப் புடிங்க."

தாடையைத் தாங்கிக்கொண்டு, முதல்முறையாகக் கண்ணைத் திறந்தபடி ஜெபித்தேன். "ஆண்டவரே, இவர் இருக்கிறார் என்று உமக்குத் தெரியும். இவர்களுக்கும் காட்டும்." அவர் கண்கள் மூடின. ஆமென் என்றேன். திறந்தன. திரையில் பச்சை வட்டம்.

இயந்திரத்துக்கு இமைப்பை அடையாளமாக வைத்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. நாற்பது வருடக் குடும்ப ஜெபத்தில் அந்த இமைப்பை அவருக்குள் பத்திரமாக வைத்தவரை அறிவேன். இப்போது ஜெபிக்கும்போது என் கணவரின் முகத்தைப் பார்க்கிறேன். கேட்கிறவர்களே, கதவு அடைபட்டதென்று நினைக்கும் காரியத்தையும் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள்.

மாலையில் குறுஞ்செய்தி வந்தது. உயிர்ச்சான்று ஏற்கப்பட்டது, ஓராண்டுக்குச் செல்லும்.